சாட்சிக் கிளாஸ்

அந்தக் கம்பெனியில் அவளுக்கு வைத்திருந்த பெயர் மூக்கம்மா. முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள், லிஃப்ட் கதவு மூடியதும் சொல்வார்கள். அவளுக்கும் தெரியும். கோபமெல்லாம் இல்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை என்றுகூடச் சொல்லலாம். நாற்பத்திரண்டு மதுக்கடை வைத்திருக்கிற கம்பெனி அது. எந்தப் பாட்டில் அலமாரி ஏறலாம், எது வந்த வழியே திரும்பலாம் என்று மோந்து பார்த்து, ருசி பார்த்துச் சொல்வதற்கு மூன்றே பேர். அதில் ஒருத்தி அவள், ஒன்பது வருஷமாக.

"குடிக்கறதுக்குச் சம்பளம், குடுத்து வெச்சவ" என்று சொந்தக்காரர்கள் வயிறெரிவார்கள். குடிக்கிறதாவது, மண்ணாங்கட்டி! வாயில் ஒரு வாய் வாங்கி, நாக்கெல்லாம் சுழற்றிவிட்டு, பக்கத்து வாளியில் துப்புகிற பிழைப்பு. ருசி பார்க்கிற நாளில் காலையில் காபி கிடையாது, வாசனை சோப்பு கிடையாது, முகத்துக்குப் பவுடர் கிடையாது. பல் விளக்குவதுகூட வெறும் உப்பில்தான். இதை எடுத்துச் சொன்னால் எவன் நம்புகிறான்?

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் உப்பில் பல் விளக்கிவிட்டு நிமிர்ந்தபோது தம்பி பெண்டாட்டி போன் பண்ணினாள்.

"அண்ணி, இன்னைக்குத்தானே?"

"என்கிட்ட எதுவும் பேசாதேன்னு போன வாரமே சொன்னேனா இல்லையா?"

"பேசல அண்ணி. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு வெச்சிடறேன். ஒன்றரை வருஷம் வேலையில்லாம வீட்டுக்குள்ளயே கிடந்த மனுஷன், இந்த மூணு மாசமாத்தான் சட்டைய இஸ்திரி போட்டு வெளிய போறாரு. இந்த விஸ்கிய உங்க கம்பெனி எடுக்கலேன்னா அவரை வேலைக்கு வெச்ச ஏஜென்சிக்காரங்க வீட்டுக்குப் போகச் சொல்லிடுவாங்களாம். மறுபடி மூலையில சுருண்டுட்டாருன்னா எழுப்ப என்னால ஆகாது அண்ணி."

அதற்குள் தம்பி போனைப் பிடுங்கிவிட்டான். "அக்கா, இவ கெடக்கறா. நீ ஒண்ணும் செய்ய வேணாம். மோந்து பாரு, அது போதும். நீயே அசந்துடுவே!"

"வைடா போனை."

வைத்துவிட்டாளே தவிர, பஸ்ஸில் போகிற வழியெல்லாம் அந்தக் கடைசி வார்த்தைதான் காதில் குடைந்துகொண்டிருந்தது. நீயே அசந்துடுவே. அதெப்படி அசந்துபோவேன்? அவன் கொண்டுவந்திருப்பது ஓர் ஐரிஷ் சிங்கிள் மால்ட். ஒரே வடிசாலையில், முளைகட்டின பார்லியை மட்டும் வைத்துக் காய்ச்சியது. அதுவரை சரி. ஆனால் விலை, கடையில் நல்ல பெயரோடு நிற்கிற சிங்கிள் மால்ட்டின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. அந்த விலைக்கு இளசாக ஒரு சரக்கு வரும். எலுமிச்சைத் தோல் வாசனை அடிக்கும், கொஞ்சம் காரம் ஏறும், நல்லபடியாக அமைந்தால் பிஸ்கட் மாதிரி ஓர் இனிப்பு இருக்கும். திருப்தியாக இருக்கலாம். அசந்துபோக அதில் என்ன இருக்கிறது?

இந்தத் தம்பியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆள் கெட்டவன் இல்லை. அக்கா மேல் உயிரையே வைத்திருப்பவன். ஆனால் அவசரக்குடுக்கை, குறுக்குவழி ஒன்று கண்ணில் பட்டால் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடும். இருபது வயதில் ஒரு சென்ட் கடையில் வேலைக்கு நின்றான். வாசலில் வாடிக்கையாளருக்குத் தெளித்துக் காட்டுகிற பாட்டிலில் விலை உயர்ந்த சென்டை ஊற்றி வைத்து, உள்ளேயிருந்து மட்டமானதை எடுத்துக் கொடுத்தான். எட்டே நாளில் கையும் களவுமாக மாட்டினான். கடைக்காரர் வீட்டுக்கே வந்து கத்திவிட்டுப் போனார். அம்மா ஒரு வாரம் தெருவில் தலைகாட்டவில்லை. அன்றைக்கும் காலையில் அவன் அவளிடம் இதே குரலில்தான் பேசினான். குழைந்து, குதூகலமாக.

சாம்பிள் பாட்டிலில் இவன் கைவைத்திருப்பானோ?

கம்பெனியில் அவள் எதையும் மறைக்கவில்லை. ஏஜென்சி சார்பில் சரக்கு கொண்டுவருகிறவன் என் கூடப்பிறந்தவன் என்று போன வாரமே மேனேஜரிடம் போய்ச் சொன்னாள், இந்தச் சுற்றில் நான் உட்காரவில்லை என்றும் சொன்னாள். மேனேஜர்தான் கேட்கவில்லை. அவரும் அந்த மூவரில் ஒருவர்.

"கிளாஸுக்கு ஏதும்மா அக்கா தம்பி? நம்பர் மட்டும்தான் இருக்கும். எது யாரோடதுன்னு எனக்கே தெரியாது. நீ யூகிக்காத வரைக்கும் ஒண்ணுமில்ல. யூகிச்சிட்டியா, எழுந்து போயிடு."

அது அவர் வாய்ச்சொல் இல்லை, எழுதி வைத்த சட்டம். ஒரு கிளாஸ் இன்னாருடையது என்று தெரிந்தால், தெரிந்த மாதிரி தோன்றினால்கூட, பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட வேண்டும். தெரிந்தும் உட்கார்ந்து மார்க் போட்டால் அந்தச் சுற்றே செல்லாது, போட்டவருக்கு அந்த அறைக்குள் இனி எந்தக் காலத்திலும் வேலை கிடையாது. வேலைக்குச் சேரும்போது அவள் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் முதல் வரியே அதுதான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. சில நாள் மேனேஜர் சொல்லி வைத்து, கிளாஸ்களுக்கு நடுவே எல்லாருக்கும் பழக்கமான ஓர் உயர்ந்த சரக்கைப் பேர் சொல்லாமல் நுழைத்துவிடுவார்கள். அதற்குப் பெயர் சாட்சிக் கிளாஸ். எத்தனாவது இடத்தில் வரும் என்பது அவருக்கே தெரியாது. அதற்குப் பத்தில் எட்டுக்குக் குறைந்து மார்க் போட்டவரின் மூக்கு அன்றைக்குச் சரியில்லை என்று பொருள். அவர் எழுதிய தாள் முழுவதையும் கிழித்துப் போட்டுவிடுவார்கள், மூன்று மாதம் ஓய்வு. ஒன்பது வருஷத்தில் அவள் ஒரு தடவைகூடச் சாட்சியைத் தவறவிட்டதில்லை.

பதினொரு மணிக்கு மூன்றாவது மாடி அறையில் உட்கார்ந்தார்கள். வெள்ளைச் சுவர், வெள்ளை மேசை, ஆளுக்கு ஒரு தடுப்பு. ஒரு பக்கம் மேனேஜர். இன்னொரு பக்கம் கால்மார்க்கு. கால் கால் மார்க்காகக் கிள்ளிக் கிள்ளிப் போடுகிறவர், பெற்ற பிள்ளைக்குப் பேர் வைக்கச் சொன்னாலும் அதற்கு அஞ்சே முக்கால் போடுவார் என்று கம்பெனியில் பேச்சு. சுவரில் ஒரு சின்ன ஜன்னல். அதற்குப் பின்னால் சரக்கை ஊற்றி நம்பர் ஒட்டுகிற அம்மாள் இருந்தாள். தாள்கள் கைக்கு வரும்வரை வாயே திறக்க மாட்டாள் என்பதால் அவளுக்கு வாய்ப்பூட்டு என்று பெயர். ஜன்னல் வழியாக ஆளுக்கு நான்கு கிளாஸ்கள் வந்தன. உள்ளேயிருக்கும் சரக்கின் நிறம் தெரியக் கூடாது என்று கருநீலக் கண்ணாடியில் செய்தவை. ஒவ்வொன்றின் மேலேயும் ஒரு கண்ணாடி மூடி.

முதல் கிளாஸைத் திறந்ததுமே மூக்கில் ஊசி குத்தியது. நகப்பூச்சை அழிக்கிற திரவத்தின் நெடி. தண்ணீர் விட்டும் அடங்கவில்லை. நாலு.

இரண்டாவது அமைதியாக இருந்தது. எலுமிச்சைத் தோல், கொஞ்சம் வெனிலா, அடியில் அடுப்பிலிருந்து இறக்கின பிஸ்கட். வாயில் வைத்தால் இளசுதான், மறைக்கவும் இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் பச்சை ஆப்பிள் மாதிரி ஒன்று எழுந்து வந்தது. துப்பின பிறகு வாயில் மிஞ்சுகிற ருசிக்கு அவர்கள் வால் என்பார்கள். வால் சின்னதுதான், ஆனால் மரியாதையாக விடைபெற்றுக்கொண்டு போனது. விலைக்கு மேலேயே உழைக்கிற சரக்கு. யாரோ புண்ணியவான் ஒழுங்காகச் செய்திருக்கிறான் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டு ஏழரை போட்டாள். ராசியில்லாத எண்தான், ஆனால் மார்க் மார்க்குதானே.

மூன்றாவது கிளாஸின் மூடியை எடுத்தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

தேன். உலர்ந்த திராட்சை. நாள்பட்ட மரத்தின் நிதானமான வாசனை. வாயில் வைத்தால் வழுக்கிக்கொண்டு இறங்கப் பார்த்தது, துப்பவே மனசு வரவில்லை. வால் போகிறது போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. சும்மா சொல்லக் கூடாது, அவள் அசந்துதான் போனாள்.

அசந்த அடுத்த நொடியே உடம்பெல்லாம் கொதித்தது. அடப்பாவி! செஞ்சிட்டியேடா!

இந்த விலைக்கு இந்தச் சரக்கா? யார் காதில் பூச்சுற்றுகிறான்? பன்னிரண்டு வருஷம் பீப்பாயில் கிடந்த ஒன்றை வாங்கிச் சாம்பிள் பாட்டிலில் பாதிக்குப் பாதி கலந்திருக்கிறான். அதே சென்ட் கடை வேலை! மறுபடி மோந்தாள். இரண்டு சரக்கைச் சேர்த்தால் நடுவில் எங்கேயாவது ஒரு தையல் தெரியும், அந்தத் தையலைத் தேடினாள். தேடுகிற கண்ணுக்குத் தெரியாமலா போகும்? தேனுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்கிற மாதிரி இருந்தது. இன்னொரு தடவை மோந்தாள். இருக்கவே இருந்தது.

இப்போது அவள் எழுந்து போயிருக்க வேண்டும். பென்சிலைக் கீழேகூட வைத்தாள். ஆனால் எழுந்தால் ஏன் எழுந்தாய் என்று கேட்பார்கள். தம்பியுடையதாகத் தோன்றியது என்றால் எப்படித் தோன்றியது என்று கேட்பார்கள். சாம்பிளையும் கடைக்கு வரப்போகிற பாட்டிலையும் ஒத்துப் பார்ப்பார்கள். கலப்படம் வெளிச்சத்துக்கு வரும், ஏஜென்சி முதலாளி போலீஸைக் கூப்பிடுவான். இஸ்திரி போட்ட சட்டையோடு தம்பி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது கண்ணெதிரே வந்தது. தேர்வாகிவிட்டாலோ அதைவிட மோசம். நாற்பத்திரண்டு கடையிலும் பாட்டில் ஏறும், வாங்கினவன் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைப்பான், அக்கா சிபாரிசு என்று ஊர் சிரிக்கும்.

வேண்டாம். சத்தமில்லாமல் மார்க் குறைந்து, சத்தமில்லாமல் வாசலோடு திரும்பிப் போகட்டும். வேலைதானே போகும், மானம் மிஞ்சும். அக்கா என்று ஒருத்தி இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?

பென்சிலை எடுத்து எழுதினாள். வால் ஒட்டவில்லை. மூன்று.

நான்காவது கிளாஸ் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி இருந்தது. அதற்கு ஐந்து போட்டதே அவளுக்குச் சரியாக நினைவில்லை. சாட்சிக் கிளாஸ் என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதே அன்றைக்கு அவள் மண்டையில் ஏறவில்லை. தம்பியின் திருட்டை மோப்பம் பிடித்துவிட்ட ஆத்திரம் மூளை முழுக்க அடைத்துக்கொண்டு கிடந்தது.

தாள்களை வாங்கிக்கொண்டு வாய்ப்பூட்டு வெளியே வந்தாள். மேனேஜர் மூன்று தாளையும் வரிசையாகப் பரப்பினார். இரண்டு பேர் ஆறுக்கு மேல் போட்டால் சரக்கு தேறியது. முதல் கிளாஸ் எல்லார் கையிலும் தோற்றது. இரண்டாவதுக்கு மேனேஜர் ஏழு, கால்மார்க்கு அஞ்சே முக்கால், அவள் ஏழரை.

"தேறிடுச்சு" என்றார் மேனேஜர். "மூணாவது. நான் ஒன்பது, இவர் எட்டே முக்கால்..." என்று படித்துக்கொண்டே வந்தவர், அவள் தாளைப் பார்த்ததும் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

கால்மார்க்கு எட்டிப் பார்த்துவிட்டு, "இது எழுத்துப் பிழையா இருக்கும்மா" என்றார். மனிதர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்.

வாய்ப்பூட்டு நம்பர் சீட்டைத் திருப்பினாள். "மூணு, சாட்சி."

அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. வீட்டு அலமாரியில் அவள் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிற சரக்கு. ஒன்பது வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு பேர் சொல்லுகிற சரக்கு. அதற்குத்தான் மூன்று போட்டிருக்கிறாள். அதற்குள்ளேதான் தையல் கண்டுபிடித்திருக்கிறாள்.

"அப்ப அந்த ஏஜென்சியோடது எது?" என்று கேட்டாள்.

"ரெண்டு" என்றாள் வாய்ப்பூட்டு.

மேனேஜர் மற்ற இருவரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"சளியா?"

அவள் மேசையில் கிடந்த தன் தாளை எடுத்துப் பார்த்தாள்.

"சளியாத்தான் இருக்கும். யாருக்குத்தான் வரல? உன் தாளைக் கிழிச்சுடறேன், மூணு மாசம் வீட்டுல இரு. நான் ரிட்டயர் ஆக இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. அதுக்குள்ள திரும்பி வந்து என் நாற்காலியில உக்காரு. உன்னைத் தவிர யாரும் என் மனசுல இல்ல."

"என் தாளைக் கிழிச்சா, ரெண்டாவது கிளாஸ்?"

"மிச்சம் ரெண்டு தாள்தானே. நான் ஏழு போட்டேன், அவர் அஞ்சே முக்கால். ஒருத்தர் போதாது. அது போச்சு." அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "நல்ல சரக்கும்மா. உன் தாள் செல்லுபடியா இருந்தா ஏறியிருக்கும்."

கெட்டிக்காரி, கணக்கு சட்டென்று புரிந்துவிட்டது. சளி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூன்று மாதம் காலை நீட்டிப் படுத்துவிட்டு வந்து மேனேஜர் நாற்காலியில் உட்காரலாம். தம்பி மூலையில் சுருண்டுகொள்வான், ஏன் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. யோக்கியமாகச் செய்த ஒரு சரக்கை யோக்கியமாகவே கொண்டுவந்து கொடுத்தவன். அவனைத் திருடன் என்று தீர்ப்பு எழுதி, அதில் அவன் வேலையையே காவு கொடுத்துவிட்டாள். நெஞ்சு வலித்தது. நிஜமாகவே, கையை வைத்து அழுத்திக்கொள்கிற மாதிரி வலித்தது.

"சளி இல்ல சார்" என்றாள். "நான் யூகிச்சேன்."

"யோசிச்சுப் பேசு. சொல்லிட்டா என்னால கேக்காத மாதிரி இருக்க முடியாது."

"மூணாவது கிளாஸ் தம்பியோடதுன்னு முடிவே பண்ணிட்டேன். தெரிஞ்சேதான் உக்காந்து மார்க் போட்டேன். இந்தச் சுற்றே செல்லாது. மறுபடி நடத்தணும்."

மேனேஜருக்கு விளங்கவில்லை. "தம்பியோடதுன்னு நெனச்சா ஜாஸ்தில்ல போடுவாங்க? நீ எதுக்கு மூணு போட்டே?"

"கலந்திருப்பான்னு நெனச்சேன் சார்."

அவர் மேசை டிராயரைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார். சுற்று செல்லாது, வெள்ளிக்கிழமை வேறு ஆட்களை வைத்து மறுபடி நடத்த வேண்டும் என்று எழுதினார். அடுத்த வரியில், இனி இந்த அறைக்குள் வேலை கிடையாது என்று அவள் பெயரை எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

கீழே வரவேற்பு அறையில் தம்பி சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தான். சட்டையில் ஒரு கசங்கல்கூட இல்லை. அவளைப் பார்த்ததும் துள்ளி எழுந்தான்.

"அக்கா! வெள்ளிக்கிழமை மறுபடி ருசி பாக்கப் போறாங்களாம், மேலேர்ந்து போன் வந்துச்சுன்னு இங்க இருக்கற பொண்ணு இப்பத்தான் சொல்லிச்சு. என்னாச்சு? நல்ல சேதியா, கெட்ட சேதியா?"

"உக்காருடா."

உட்கார்ந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மெழுகவில்லை. மூன்றாவது கிளாஸ், தையல், மூன்று மார்க், சாட்சி, கையெழுத்துப் போட்ட படிவம். சொல்லச் சொல்ல அவன் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"நான் கலந்திருப்பேன்னு நெனச்சியா?"

"ஆமாடா. நெனச்சேன். நீ மாட்டிக்கக் கூடாதுன்னுதான் அப்படிப் போட்டேன். உன்னைக் காப்பாத்தறதா நெனச்சிக்கிட்டேன்."

"எதுலேர்ந்து?"

வரவேற்பில் இருந்த பெண் போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

தம்பி கைகளைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். "உண்மையச் சொல்லட்டுமா அக்கா? கலக்கலாமான்னு யோசிச்சேன். யோசிக்கலேன்னு சொன்னா பொய். ஒசத்தியா ஒரு பாட்டில்கூட வாங்கி மேசை மேல வெச்சேன். அப்புறம் நெனச்சேன், அங்க உக்காந்திருக்கறது யாரு, என் அக்கா. அவ மூக்கு முன்னாடி எந்தத் தில்லுமுல்லும் நிக்காது. சரக்கு நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு சொல்லுவா, யாரோடதா இருந்தாலும் சொல்லுவா. அந்த தைரியத்துல வந்ததை வந்த மாதிரியே குடுத்துட்டேன்."

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கவும் தோன்றவில்லை.

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டான்.

"ரொம்ப நல்லா இருந்துச்சுடா. ஏழரை போட்டேன்."

"என்னோடதுன்னு தெரியாமத்தானே?"

"ஆமா."

அவன் தலையாட்டினான். எழுந்து சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, சாம்பிள் பையைத் தோளில் மாட்டினான். இரண்டடி வைத்தவன் நின்று திரும்பினான்.

"வெள்ளிக்கிழமை யாரு மோந்து பாக்கறாங்க?"

"வெளியாளுங்கடா. உன்னையும் தெரியாது, என்னையும் தெரியாது."

"நல்லதாப் போச்சு" என்றான் தம்பி, கோபமே இல்லாமல். சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனான்.